வண்டிவீடும் லயமும் – தங்குதல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனிதன் நிலத்தின்மீது இருவகையாக இருக்கின்றான். ஒன்று குடியிருத்தல், மற்றையது தங்குதல். ஓரிரவு இருப்பவன் தங்குகின்றான், ஒரு தலைமுறை இருப்பவன் குடியிருக்கின்றான் என்று காலத்தின் நீளத்தைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்துவிடலாம் என முதற்பார்வையில் தோன்றும். ஆனால் தமிழ்ச் சொற்களே இவ்வெளிய பிரிவினைக்கு இடந்தருவதில்லை. பழைய நூல்களில் மனிதர் வாழுமிடம் இல் என்றும் மனை என்றும் கூறப்பட, வீடு என்னுஞ் சொல் பெரும்பாலும் விடுதலையையே சுட்டிநின்றது. விடு என்னும் வினையடியாகப் பிறந்த அச்சொல்லே பிற்காலத்தில் சுவரும் கூரையுமுடைய இருப்பிடத்துக்குப் பெயராயிற்று. வழிப்போக்கன் தங்கும் விடுதியும் அதே வேரினின்றும் பிறந்ததே. இருப்பிடம் என்பது பற்றிக்கொள்வதற்கு உரியதா, விட்டுச்செல்வதற்கு உரியதா என்னும் வினா தமிழில் மிகப் பழையது போலும்.

இவ்வினாவை இக்காலத்திற் கூர்மைப்படுத்தியிருப்பது ஒரு வாகனம். படுக்கை, அடுப்பு, நீர்த்தாங்கி, மலசலகூடம், கழிவுநீர்த்தாங்கி, கூரைமேற் சூரிய மின்தகடு ஆகிய யாவற்றையும் தன்னுள்ளேயே கொண்ட வேனை வண்டிவீடு என்று அழைப்பது பொருந்தும். மேலைநாடுகளில் நெடுங்காலமாக வழக்கிலுள்ள இவ்வண்டிவீடுகள் அண்மைக் காலமாக இலங்கையிலும் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. பகலெல்லாம் பயணஞ்செய்து, மாலையிற் கடற்கரையோரம் நிறுத்தி, அலையோசை கேட்டுறங்கி, காலையில் அகன்றுவிடுவதே இதன் இன்பம். விடுதி அறை வேண்டியதில்லை. கூடாரம் அடிக்க வேண்டியதில்லை. ஊராரிடம் ஒரு குவளை நீர் கேட்க வேண்டியதுமில்லை.

நியூசிலாந்து நாடு இதனைச் சட்டமாகவே வகுத்திருக்கின்றது. அங்கு 2011ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சுதந்திர முகாமிடற் சட்டம், உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பிலுள்ள பொதுநிலங்களில் இரவு தங்குவதைப் பொதுவிதியாக அனுமதித்து, தக்க காரணமிருப்பின் குறித்த இடங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை அம்மன்றங்களுக்கு அளித்தது. அந்நாட்டு நியமத்தின்படி தன்னிறைவு பெற்ற வாகனம் எனப்படுவது யாதெனில், அதில் இருப்போர் வெளியிலிருந்து நீர் பெறாமலும் வெளியே கழிவு விடாமலும் மூன்று நாட்களேனும் வாழக்கூடியதாக அமைந்ததாகும். 2023இல் வந்த திருத்தம் இன்னும் கண்டிப்பானது. எடுத்துவைக்கக்கூடிய மலசலகூடம் போதாது, வாகனத்தோடு நிலையாகப் பொருத்தப்பட்டதாகவே அஃது இருத்தல் வேண்டுமென அது விதித்தது.

இவ்விதிகளின் பின்னே ஓர் ஒழுக்கக் கொள்கை நிற்கின்றது. எவன் எதையும் விட்டுச் செல்லவில்லையோ அவன் எவருக்கும் தீங்கிழைக்கவில்லை. தீங்கிழைக்காதவனை எவரும் தடுத்தலாகாது. அவன் எவர்க்கும் எதையும் கடன்பட்டவனுமல்லன். ஜோன் ஸ்ருவட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், பிறருக்குத் தீங்கு நேராமற் தடுப்பதொன்றே தனிமனிதன்மீது சமூகம் பலத்தைப் பிரயோகிப்பதற்குத் தக்க காரணமென வாதிட்டார். முதலிரண்டு கூற்றுக்களும் அவ்வாதத்தோடு இயைவன. மூன்றாவது அவருடையதன்று, தன்னிறைவு என்ற சொல்லின் கவர்ச்சியால் பின்வந்தோர் ஒட்டிக்கொண்டது. அம்மூன்றாவது கூற்றே ஈண்டு ஆராயத்தக்கது.

முதலில் தீங்கு என்பதன் எல்லையைப் பார்க்கலாம். இரவிற் கடற்கரை வெறுமையாகத் தோன்றுவது பகலில் உழைத்து இரவில் உறங்குவோரின் கண்ணுக்கு மட்டுமே. உலகிலுள்ள கடலாமை இனங்கள் ஏழில் ஐந்து இலங்கைக் கரைகளில் முட்டையிட வருகின்றன. ஹம்பாந்தோட்டை மாவட்டத்து றெக்கவ போன்ற கரைகளில் பெண்ணாமை இருளை நம்பியே கரையேறுகின்றது. வெளிச்சங்கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். பொரித்த குஞ்சுகளோ கடலெதுவென அறியாது விளக்கை நோக்கி ஊர்ந்து மாளும். வண்டிவீட்டின் தாங்கி கழிவை அடைத்துவைக்கும். அதன் சன்னல் வெளிச்சத்தை அடைத்துவைப்பதற்கு எந்த நியமத்திலும் தாங்கி வகுக்கப்படவில்லை.

ஆமையை விடுத்து மனிதரை நோக்கினாலும் நிலைமை அதுவே. கரைவலை இழுக்கும் கரைகளில் ஒவ்வொரு வலைக்கும் உரிய பகுதி பாடு எனப்படும். தோணியிற் சென்று அரைவட்டமாக வலையை வளைத்துவிட்டு, அதன் இரு கயிறுகளையும் கரையில் நிற்போர் இரு குழுக்களாகப் பிரிந்து இழுப்பர். கயிறு இழுபடும் மணற்பரப்பு முழுவதும் தடையின்றி இருத்தல் வேண்டும். பாட்டின் எல்லையைக் காட்ட வேலியுமில்லை, பலகையுமில்லை. ஊராருக்குத் தெரியும், அவ்வளவே. முன்னிரவில் அவ்விடத்தில் வந்து நின்ற வண்டிவீடு ஒரு துளி அழுக்கும் சிந்தாமல் நிற்கலாம். விடியலில் வலை இழுக்க வந்த முப்பது பேருக்கு அது ஒரு பாறை.

தீங்கிழையாமைக் கொள்கையினர் இதற்கும் விடை வைத்திருப்பர். அதுவும் தீங்கே, ஆகவே அங்கே நிறுத்தலாகாது என்பர். உண்மைதான். ஆனால் அஃது பாடு என்பதை வந்தவன் எவ்வாறு அறிவான்? எவரையேனும் கேட்டால் அறிவான். முன்னாளில் வழிப்போக்கன் நீருக்காகவோ நெருப்புக்காகவோ ஒரு குடிசை வாயிலை அணுகவேண்டியிருந்தது. அணுகியபோது, அங்கே படுக்காதே, அது இன்னாருடைய பாடு என்ற சொல்லும் நீரோடு சேர்ந்து கிடைத்தது. தன்னிறைவு பெற்ற வாகனமோ கேட்க வேண்டிய தேவையை ஒழிப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. தான் எதைக் கெடுக்கக்கூடும் என்று அறிவதற்கு இருந்த ஒரேயொரு வழியையும் அத்தேவையோடு சேர்த்து அது ஒழித்துவிடுகின்றது. தீங்கு செய்யாதிருக்கும் ஆற்றல் அதில் வளர்ந்திருக்கின்றது. தீங்கு யாதென அறியும் ஆற்றல் குன்றியிருக்கின்றது. கேள் என்னும் தமிழ்ச்சொல் வினாவுதலையும் செவிமடுத்தலையும் உறவையும் ஒருங்கே குறிப்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆயினும் கேட்டலைப் புகழ்ந்து பாடுமுன் சற்றுத் தயங்குதல் வேண்டும். கேட்டே வாழ நேர்ந்தவர்களை வைத்து இக்கருத்தைச் சோதிக்காவிட்டால் அது வசதிபடைத்தோரின் மனநிறைவாக முடிந்துவிடும். அவ்வாறு வாழ நேர்ந்தோர் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் இருக்கின்றனர். சப்பிரகமுவ மாகாணத்துக்குக் கடல் இல்லை. எனினும் தங்குதல் என்பதன் முழுப்பொருளையும் காண விரும்புவோர் இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் எட்டியாந்தோட்டையிலும் உள்ள லயங்களுக்கே வரவேண்டியிருக்கின்றது.

பழைய லயக்காம்பரா ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. வண்டிவீட்டின் உட்பரப்பு பெரும்பாலும் அதனினும் சிறிது. வண்டிவீட்டில் உறங்குபவனைக் கண்டு எவரும் இரங்குவதில்லை; அவனே அதனைப் புகைப்படமெடுத்து நண்பர்க்கு அனுப்புகின்றான். ஆகவே இடத்தின் குறுக்கம் தானாகவே துன்பமாகிவிடுவதில்லை. லயத்தின் துன்பம் வேறிடத்தில் இருக்கின்றது. கூரைத் தகரம் ஒழுகினால் தோட்டத்துரையைக் கேட்க வேண்டும். மகனுக்குக் கல்யாணமானால் இன்னொரு காம்பராவுக்குக் கேட்க வேண்டும். குசினியைச் சற்று இறக்கிக்கட்டவும் கேட்க வேண்டும். கடிதங்கூடப் பல தோட்டங்களில் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்துசேரும். அங்கு அது கிடந்து காலந்தாழ்ந்த கதைகள் தோட்டந்தோறும் உண்டு. இக்கேட்டல் உறவை வளர்த்த கேட்டலன்று. மனுவாகவும் கெஞ்சலாகவும் காத்துநிற்றலாகவும் கழிந்தது. தனக்கெனத் தண்ணீர்க் குழாயும், தனக்கென மலசலகூடமும், உள்ளிருந்து பூட்டிக்கொள்ளக்கூடிய கதவும் கிடைக்கப்பெறின் அம்மக்களுக்கு அதுவே விடுதலை. லயத்துக் கானில் மேல்வீட்டார் கழிவு தன் வாசலால் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர் எவரும் கழிவுத்தாங்கி பொருத்திய வண்டியை எள்ளி நகையாடமாட்டார்.

இந்நிலை தற்செயலாக ஏற்பட்டதன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை எனக் கொள்ள வழிசெய்தது. அடுத்த ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் அலைந்துதிரிவோர் பற்றியது. அதே 1841இல் வந்த இன்னொரு சட்டம், ஒப்பந்தத்தை மீறி வேலையைவிட்டு நீங்கும் தொழிலாளியைத் தண்டனைக்குரியவனாக்கிற்று. கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகிய காலமது. நிலத்தை எடுத்துக்கொள்ளல், அந்நிலத்தில் உழைப்பவனைக் கட்டிவைத்தல், கட்டுப்படாது வழியிற் செல்பவனைக் குற்றவாளியாக்கல் என்பன இரண்டே ஆண்டுகளில் ஏட்டிலேறிவிட்டன.

இவற்றுள் அலைந்துதிரிவோர் சட்டம் வண்டிவீட்டோடு நேரடித் தொடர்புடையது. திண்ணையிலோ, கொட்டிலிலோ, வெறுங்கட்டடத்திலோ, வண்டியிலோ, வேறு வாகனத்திலோ உரியவரின் அனுமதியின்றித் தங்கி, கண்ணுக்குப் புலப்படும் வாழ்வாதாரமின்றி, தன்னைப்பற்றித் தக்க விளக்கந்தர இயலாதிருப்பவனை அச்சட்டம் சோம்பித்திரியும் ஒழுங்கற்றவன் என வகைப்படுத்திற்று. வண்டியில் உறங்குதல் என்ற செயல் மட்டும் அங்கே குற்றமாகவில்லை. வாழ்வாதாரம் கண்ணுக்குப் புலப்படாமையே அதனைக் குற்றமாக்கியது. சூரிய மின்தகடும் சான்றிதழும் கடன் அட்டையும் கண்ணுக்கு நன்கு புலப்படும் வாழ்வாதாரங்கள். ஒரே கரையில், ஒரே இரவில், ஒரே வகையான உறக்கம் ஒருவனுக்கு உல்லாசமாகவும் மற்றொருவனுக்கு ஒழுங்கீனமாகவும் அமைவதற்கு அடிப்படை இதுவே. தன்னிறைவு என்ற சொல் இப்பழைய பாகுபாட்டைப் புதிய தாங்கியில் ஊற்றிவைத்திருக்கின்றதோ என்று ஐயுறுவது நியாயமே.

தோட்டமக்களின் முன்னோர் இலங்கையில் கழித்த முதலிரவும் ஒரு கடற்கரையிலேயே கழிந்தது என்பதை மறந்துவிடலாகாது. தமிழகத்துக் கரையினின்றும் தோணியேறிய பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளர் பலர் மன்னார்க் கரையிலும் அரிப்பிலும் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியாக மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் எண்ணற்றவர். அன்று தங்கவந்தவர் எனக் கருதப்பட்ட அவர்கள், தலைமுறைகள் கடந்த பின்னரும் தங்குபவராகவே கணக்கிடப்பட்டனர். 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தபோது அவர்களிற் பெரும்பாலோரிடம் நிலையாகக் குடியிருப்பதற்குச் சான்று கேட்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமையை இலகுவாக்கியது. எவ்வளவு காலம் இருந்தால் தங்குதல் குடியிருத்தலாகும் என்ற தத்துவ வினாவுக்கு அரசு அளித்த விடை ஆண்டுக்கணக்கில் அமையவில்லை என்பது இவ்வரலாற்றிலிருந்து விளங்கும்.

இடம்பெயரும் உரிமையும் அவ்வாறே. 1977இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களின்போது சப்பிரகமுவத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் பொட்டணங்களோடு அகன்றன. இருக்க விரும்பியபோது அகல நேர்ந்தது. மறுபுறம், 2016 மே மாதத்தின் அடைமழையில் கேகாலை மாவட்டத்துப் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயம் மண்சரிவிற் புதைந்தது. மலைச்சரிவில் எங்கே வீடு அமையவேண்டும் என்பதை அங்கு வாழ்ந்தவர் தீர்மானிக்கவில்லை. அலை உயர்ந்தால் வண்டிவீட்டான் சாவியைத் திருகி மேட்டுக்குச் சென்றுவிடுவான். இவ்வேறுபாட்டை வெறும் வருமான வேறுபாடென்று கூறிவிட்டுக் கடந்துசெல்வது போதாது. தங்குவதா அகல்வதா என்று தானே தீர்மானிக்கும் ஆற்றல் சமூகத்தில் எவ்வாறு பகிரப்பட்டிருக்கின்றது என்பதே இங்கு வினா.

இனிக் கரையின் பக்கம் திரும்பலாம். கடற்கரை யாருடையது? ஜஸ்டினியன் பேரரசன் காலத்தில், 533இல் வெளியான உரோமச் சட்டநூல் காற்றையும் ஓடுநீரையும் கடலையும் கடற்கரையையும் யாவர்க்கும் பொதுவென்றது. அதனோடு நில்லாது, கரையில் ஒதுங்குவதற்கு ஒரு குடிசை போட்டுக்கொள்ள எவர்க்கும் உரிமையுண்டு என்றும் கூறிற்று. அதே மரபின் பிறிதொரு பகுதியின்படி, அங்கு எழுப்பிய கட்டடம் விழுந்துவிடின் அவ்விடம் மீண்டும் பொதுவாகிவிடும். இலங்கையின் பொதுச்சட்டமான உரோம–டச்சுச் சட்டம் இம்மரபின் வழிவந்ததே. ஆனால் ஏட்டைவிடத் தெளிவாக இம்மரபைக் கைக்கொண்டு வந்தவர்கள் மீனவர். தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபப் பகுதி மீனவர் கிழக்குக் கரைக்கும் வடகிழக்குக் கரைக்கும் பெயர்ந்து, கிடுகால் வாடி அமைத்துப் பருவம் முடியும்வரை தங்குவர். காற்று மாறியதும் வாடி கலைந்துவிடும். வாடியில் தன்னிறைவு இல்லை. கிணறு ஊராருடையது, மீன் வாங்குவோர் ஊரார், கடன் கொடுப்பவரும் ஊரார். இப்பெயர்ச்சியால் உள்ளூர் மீனவரோடு பிணக்குகள் எழுந்ததுமுண்டு. ஆனால் பிணக்கும் ஒருவகைத் தொடர்பே. பிணங்குவதற்கேனும் ஒருவரையொருவர் அறிந்திருத்தல் வேண்டும்.

கரையோரப் பாதுகாப்புக்கென 1981இல் இயற்றப்பட்ட 57ஆம் இலக்கச் சட்டம் உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர்வரை கரையோர வலயமென வகுத்தது. கரையைக் காப்பதற்கு அது இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் கரையின் பெயரால் விதிக்கப்படும் விதிகள் எவரைத் தொடுகின்றன என்பது 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் வெளிப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் வீடு கட்டலாகாத வலயமென அறிவிக்கப்பட்டது. மீனவர் உள்நிலத்துக்கு அகற்றப்பட, உல்லாச விடுதிகள் கரையில் தொடர இடமிருப்பதாகக் கண்டனங்கள் எழுந்தன. அறுகம்பையில் அவை வலுத்தன. பின்னர் அவ்வலயம் தளர்த்தப்பட்டது. அலைக்கு அஞ்சி மக்களை அகற்றிய கரையே உறக்கத்துக்கு இனிய கரையென விளம்பரப்படுத்தப்படும்போது, வண்டிவீட்டில் வந்தவன் குற்றமற்றவனாயினும், அவன் நிற்குமிடம் குற்றமற்றதென்று சொல்லிவிட முடியாது.

நெய்தல் நிலத்தில் இவ்விருவகை வண்டிகளையும் பழந்தமிழ் நூல்கள் முன்னரே கண்டிருக்கின்றன. பெரும்பாணாற்றுப்படை காட்டும் உமணர் வண்டியில் கோழிக்கூடு இருக்கின்றது, சிறு உரல் கட்டித் தொங்குகின்றது, காடிக்கலம் இருக்கின்றது, கைக்குழந்தையுடைய பெண் எருதுகளை ஓட்டுகின்றாள். புறநானூற்றின் 102ஆம் பாடலோ உமணர் வண்டியின் கீழே சேம அச்சுக் கட்டியிருப்பதைக் கூறுகின்றது. உப்பைக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டுசென்று நெல்லாக மாற்றிய அக்குடும்பங்களின் வண்டியைவிட நிறைவான வண்டிவீடு வேறு யாது? ஆயினும் அதன் நிறைவு ஊரை விலக்குவதற்கன்று. அடுத்த ஊரைச் சென்றடைவதற்காக. உமணர் கூடித் தங்கிப் பின் அகன்றுவிட்ட இடம் பாழ்பட்ட ஊர்போலத் தோன்றுவதாகக் குறுந்தொகை 124 உவமை சொல்கின்றது. எவ்வளவு நேர்த்தியான சுவடின்மை இதற்கு நிகராகும்! தங்கிச் சென்றவரின் இன்மையை அவ்விடம் உணர்கின்றது.

மற்றையது சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் வருவது. மாதவி வையமேறியும் கோவலன் அத்திரியேறியும் புகார்க் கடற்கரைக்குச் சென்று, புன்னை நிழலில் ஓவியத்திரை சூழ, மேலே விதானமிட்ட அமளியில் அமர்கின்றனர். அதே காதையில் விற்போர் விளக்குகளும் பரதவர் திமில் விளக்குகளும் கரையெங்கும் எரிகின்றன. இளங்கோவடிகள் அவ்விளக்குகளை வரிசையாக எண்ணிக்காட்டியது வெறும் வருணனைக்காக என்று கொள்ளவேண்டியதில்லை. திரைக்கு உள்ளேயிருப்போர் அறியாத உழைப்பு திரைக்கு வெளியே நடக்கின்றது. அத்திரைக்குள் பிறந்தது பிரிவு என்பதைக் காப்பியம் படித்தோர் அறிவர்.

மூன்றாவது வண்டியொன்றும் உண்டு. அதைப் பாடியவர் எவருமில்லை. ஆடிமாதத்துக் கதிர்காமத் திருவிழாக் காலத்தில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலிருந்து ஆளுக்கிவ்வளவெனப் பணஞ்சேர்த்து வாடகைக்குப் பேசப்படும் பஸ்வண்டி அது. பெல்மதுளை, எம்பிலிப்பிட்டிய வழியாகக் கடலோரத்தை அடைந்து, கதிர்காமத்துக்கு முன்போ பின்போ கிரிந்தைக் கரையில் நிற்கும் வழக்கமுண்டு. வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் காணும் கிழவிகளும் அதிலிருப்பர். பெண்களும் பிள்ளைகளும் வண்டிக்குள் இருக்கையில் சாய்ந்துறங்க, ஆண்கள் மணலிற் பாய்விரிப்பர். மண்ணெண்ணெய் அடுப்பில் தேநீர் கொதிக்கும். தண்ணீருக்குப் பக்கத்து வீட்டுக் கிணற்றடிக்குச் சென்று சிங்களத்திற் கேட்பர். சப்பிரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களோடு ஒட்டிக்கிடப்பதால் அம்மொழி அவர்கட்கு அயலதன்று. நீர் கொடுத்த வீட்டுக்குக் கதிர்காமத்துப் பூசைத்தட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் போகும்.

இதனை இலட்சியப்படுத்தவும் வேண்டியதில்லை. அவ்வண்டி அகன்றபின் கரையிற் சோறு கட்டிய பொலித்தீன் தாள்களும் போத்தல்களும் கிடக்கும். மலசலகூடமின்றி இருளை நாடிச் செல்லும் பெண்களின் சங்கடமும் அச்சமும் சொல்லில் அடங்கா. நியூசிலாந்துச் சான்றிதழின் அளவுகோலால் அளந்தால் அவ்வண்டி முற்றாகத் தோற்றுவிடும். அத்தோல்வியின் ஒரு பகுதி உண்மையான தோல்வியே. கடற்கரை குப்பையாவதை வறுமையின் பெயரால் மன்னிப்பது வறியோருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பொது மலசலகூடமும் குப்பைத்தொட்டியும் கரையில் இல்லாதிருப்பதற்கு யாத்திரிகர் பொறுப்பல்லர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். தன்னிறைவை வண்டிக்குள் வாங்கிக்கொள்ள இயலாதவர்க்கு அதனைக் கரையில் அமைத்துக்கொடுப்பது பொதுக்கடமை. உரோமச் சட்டம் சொன்ன பொதுக்கரையின் பொருளும் அதுவே.

கிரிந்தையிற் பஸ்வண்டி நிற்குமிடத்துக்கு அண்மையிலுள்ள பாறைமேல் ஒரு விகாரை இருக்கின்றது. கடலின் சீற்றந்தணிய ஓடத்தில் வைத்து விடப்பட்ட களனி மன்னன் மகள் விகாரமகாதேவி கரையேறிய இடம் அதுவென்று சிங்கள மக்களின் ஐதிகம் கூறும். கடல்வழி வந்தவளைக் கரை ஏற்று அரசியாக்கிய கதை. அரிப்பில் இறங்கியோரின் கதை அவ்வாறு முடியவில்லையென்பது அவ்வழியே செல்லும் தோட்டத்து யாத்திரிகர் சிலருக்கேனும் தோன்றாதிராது.

இமானுவேல் கான்ட் 1795இல் எழுதிய நிலையான சமாதானம் பற்றிய நூலில் அந்நியனுக்குரிய உரிமையை இரண்டாகப் பிரித்தார். எவர் வீட்டிலும் விருந்தினனாக இருந்து உண்ணும் உரிமை அவனுக்கு இயல்பாக இல்லை. அதற்குத் தனி உடன்பாடு வேண்டும். ஆனால் பகையாக நடத்தப்படாமல் வந்துசெல்லும் உரிமை யாவர்க்கும் உண்டு. புவி உருண்டையாதலால் மனிதர் முடிவின்றி ஒருவரையொருவர் விலகிச் செல்ல முடியாது என்பதும் நிலப்பரப்பு ஆதியில் யாவர்க்கும் பொது என்பதும் அவர் காட்டிய காரணங்கள். வண்டிவீட்டான் கோருவது இவ்வருகை உரிமையையே. அதனை மறுக்க நியாயமில்லை. ஆனால் அவன் அதனை நாடுவது மனிதரை விலகிச்செல்வதற்காக. கான்ட் காட்டிய முதற்காரணமே அதற்கு எதிராக நிற்கின்றது. விலகிச் சென்றுகொண்டேயிருக்க இப்புவியில் இடமில்லை என்பதனாலன்றோ அவ்வுரிமை பிறந்தது.

தண்ணீரும் அதையே காட்டும். பலாங்கொடைப் பக்கத்து மலைகளின் ஓடைகள் வளவை கங்கையிற் சேர்ந்து, உடவளவை நீர்த்தேக்கத்தைக் கடந்து, அம்பலாந்தோட்டைக்கருகே கடலிற் கலக்கின்றன. சிவனொளிபாதமலையின் நீர் களுகங்கையாக இரத்தினபுரியைத் தழுவிக் களுத்துறையிற் கடலடைகின்றது. லயத்துக் கானில் ஓடியதும், தேயிலைக்கு இட்ட உரமும், மாணிக்கக்கல் அகழ்ந்த குழிகளின் சேறும் இறுதியில் அக்கரையையே சேர்கின்றன. உல்லாசப் பயணி காலையில் அருந்தும் தேநீரின் கொழுந்து எந்த மலையில் பறிக்கப்பட்டதோ, அம்மலையின் நீரே அவன் கால் நனைக்கும் கடலிலும் இருக்கின்றது. மூன்று நாட்களுக்கு அடைத்து வைத்த தாங்கி நான்காம் நாள் எங்கேயோ திறக்கப்பட்டாக வேண்டும். அங்கேயும் எவரோ வேலை செய்கின்றனர்.

ஆகவே தன்னிறைவை ஒரே அளவுகோலால் அளத்தல் பொருந்தாது. கெஞ்சியே வாழ வைக்கப்பட்டவனுக்கு அது மானம். தோட்டமக்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் வேண்டுமென்று எழும் குரல் அத்தகைய தன்னிறைவுக்கான குரலே. அது முழுமையாக நிறைவேறாதிருப்பது இந்நாட்டின் குறை. கேட்பதற்கு ஆற்றலும் கேட்டால் மறுக்கப்படாத தகுதியும் உள்ளவன், கேட்கும் தொல்லையிலிருந்து விடுபட வாங்கும் தன்னிறைவு பிறிதொன்று. முன்னையது ஒருவனை ஊரில் ஒருவனாக்குகின்றது. பின்னையவன் கரையிலிருந்து கழிவையும் தன்னையும் ஒருங்கே சுமந்து திரும்பிவிடுகின்றான். வண்டியை நிறுத்துமுன் அவன் அருகிலுள்ள வாடியில் ஒருவரை எழுப்பி, இங்கே நிற்கலாமா என்று கேட்டிருந்தால் அவனுடைய தாங்கிகள் எவையும் குறைந்திரா.

தோட்டத்துப் பஸ்வண்டிக்கு இவ்வாராய்ச்சிக்கெல்லாம் நேரமில்லை. பின்னிரவிலேயே அது கிரிந்தையை விட்டுப் புறப்பட்டாக வேண்டும். திங்கட்கிழமை காலைப் பெரட்டுக்கு நில்லாதவருக்கு அன்றைய பேர் விழாது. பிந்திச் சென்றால் அரைப்பேர்தான்.